ஏழு கேசட், ஒரே கல்யாணம்

மரக்காணம்,
கார்த்திகை மாதம், மழை விட்டிருக்கும் ஒரு மத்தியானம்.

அன்பு மகள் தமிழ்நிலாவுக்கு அப்பா எழுதுவது. நான் இங்கே நல்லபடியாக இருக்கிறேன், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அந்த லியோன் குளிரில் சளி இருமல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும் என்று நம்ம தெரு மாரியம்மனை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். தினமும் போனில் பேசுகிற மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். சிரி. போனில் உன் முகம் வந்ததும் எனக்கு 'சாப்டியா, குட்டி தூங்கிட்டாளா' என்பதற்கு மேல் வாய் வருவதில்லை, சொல்ல வேண்டியதை விழுங்கிவிட்டு வைத்துவிடுகிறேன். உன்கூடக் காலேஜில் படித்த பொம்மையார்பாளையத்துக் கௌதமன் இந்த ஞாயிற்றுக்கிழமை பிரான்சுக்குத் திரும்புகிறான், பழைய வீடியோ ஏற்றின பென்டிரைவை அவனிடம் கொடுத்தனுப்பச் சொன்னாய் அல்லவா, அந்தப் பொட்டலத்துக்குள்ளேயே இதையும் மடித்து வைக்கிறேன். முதலில் கடிதத்தைப் படி, அப்புறம் பென்டிரைவைப் போடு. மாற்றிச் செய்தால் எனக்குக் கோபம் வரும், சொல்லிவிட்டேன்.

இங்கே மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. உப்பளம் முழுக்கத் தண்ணீர், எது பாத்தி எது வரப்பு என்றே தெரியவில்லை, குவித்து வைத்திருந்த உப்பை எல்லாம் தார்ப்பாய் போட்டு மூடியாகிவிட்டது, இனி பொங்கல் கழிந்துதான் எங்களுக்கு வேலை. கால் வெடிப்புக்கு நீ அனுப்பின களிம்பு நன்றாகக் கேட்கிறது, ஆனால் அதில் வருகிற வாசனைக்குத் தெருவில் என்னைப் பார்த்து மாப்பிள்ளை வேஷமா என்று கேட்கிறார்கள். அடுப்படி மூலையில் ஒழுகுகிறது, ஒரு தவலையை வைத்திருக்கிறேன், நீ போனில் பார்த்துவிட்டுக் கத்தக்கூடாது என்றுதான் அந்தப் பக்கம் காட்டாமல் பேசுகிறேன். விஜயலட்சுமி அத்தை தினம் ஒரு வேளை குழம்பு கொடுத்தனுப்புகிறாள், கூடவே திட்டும் கொடுத்தனுப்புகிறாள், அண்ணனாகப் பிறந்துவிட்டேன், இரண்டையும் வாங்கிக்கொள்கிறேன். மாத்திரை விடாமல் போடுகிறேன். போதுமா? இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நம்ம சொந்தபந்தத்தில் யார் வீட்டில் என்ன வீடியோ இருந்தாலும் ஒரு இடத்தில் சேர்க்க வேண்டும், பூஞ்சை பிடித்துப் போவதற்குள் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும் என்று நீ ஒரு டேட்டாபேஸ் போட்டுக் கொடுத்தாய். அத்தை மகள் சரண்யாவும் பாவம், கம்ப்யூட்டர் சென்டர் வேலை முடிந்ததும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வானூர், அனுமந்தை என்று வீடு வீடாகப் போய் கேசட், சி.டி. எல்லாவற்றையும் கோணிப்பையில் அள்ளி வந்து, வரிக்கு ஒன்றாக ஏற்றினாள். ஏற்றி முடித்தால் நாற்பத்திரண்டு வரி. ஒரே விசேஷம் இரண்டு தடவை வந்திருந்தால் அதை ஒன்றாக்கி, கடைசியில் மொத்தம் எத்தனை தனித்தனி வீடியோ என்று எண்ணிச் சொல்ல வேண்டும், அது என் வேலை என்று சொன்னாய். மழைக்கு வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்குப் பதில் இதாவது செய்யலாம் என்று ஜெயப்பிரகாஷ் ஸ்டுடியோவுக்குப் போனேன். உனக்குத் தெரியும் அவனை, நம்ம பக்கத்துக் கல்யாணங்களுக்கு எல்லாம் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தவன். அப்போது தலை நிறைய முடி, சீப்பு பாக்கெட்டிலேயே இருக்கும். இப்போது சீப்புக்கு வேலை இல்லை, ஆனால் பழைய வீடியோ டெக் ஒன்றைக் கண்ணைப் போலக் காப்பாற்றி வைத்திருக்கிறான்.

அவனும் நானும் சரண்யாவும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தோம். வானூர்க்காரர்கள் கிரகப்பிரவேசம் என்று கொடுத்ததில் வீட்டு வாசற்படி வரைக்கும்தான் வருகிறது, அதற்கப்புறம் யாரோ மேலேயே கிரிக்கெட் மேட்ச் பதிந்து வைத்திருக்கிறான், கடைசி வரை உட்கார்ந்து பார்த்தோம், யார் ஜெயித்தது என்றுகூடத் தெரியவில்லை, டேப் முடிந்துவிட்டது. நம்ம வேல்முருகன் மகன் காதுகுத்தில் பாதிப் படம் ஆட்டுக் கிடாய்தான், காது குத்தின பிள்ளையைத் தேட வேண்டியிருக்கிறது. அது இருக்கட்டும், பார்த்துக்கொண்டே போகும்போது ஜெயப்பிரகாஷ் திடீரென்று, ஏம்பா மாயவா, இந்த வளைகாப்ப நாம காலையிலயே பாத்துட்டோமேப்பா என்றான். எனக்கும் அதே சந்தேகம் இருந்தது. சரண்யாதான், இல்ல மாமா, அது சவரியம்மாள் வீட்டு விசேஷம், இது வேல்முருகன் அண்ணன் வீட்டு விசேஷம், பேர் எழுதியிருக்குது பாருங்க என்று சாதித்தாள்.

அங்கேதான் பிடிபட்டது. நிலா, நம்ம ஊரில் கல்யாணத்துக்கு அண்டா குண்டான் இரவல் கொடுக்கும்போது மாறிப் போகக்கூடாது என்று வீட்டுக்காரர் பேரை வெட்டி வைப்போம் இல்லையா, கேசட் வந்தபோதும் நம்ம ஆட்களுக்கு அதே புத்திதான். யார் காப்பி வாங்கினார்களோ அவர்கள் பேரைத்தான் மேலே எழுதினார்கள். உள்ளே யார் கல்யாணம் என்று ஒருத்தரும் எழுதவில்லை. குண்டான்மேல் சாம்பார் என்றா எழுதுவார்கள்? சரண்யா கேசட் ஆயுசுக்கு அப்புறம் பிறந்த பிள்ளை, அவளுக்கு இது எப்படித் தெரியும். மேலே சவரியம்மாள் என்றிருந்தால் சவரியம்மாள் வீட்டு விசேஷம் என்று ஏற்றிவிட்டாள், அங்கே உட்கார்ந்து அதை நம்பி நீயும் எண்ணிவிட்டாய். ஆறு காதுகுத்து என்று இருந்தது இரண்டு ஆனது. வளைகாப்பு நாலும் ஒன்றே ஆனது. நாற்பத்திரண்டு வரியும் கழிந்து கழிந்து பத்தொன்பதில் வந்து நிற்கிறது. இவ்வளவும் சொன்னால் நீ சிரிப்பாய், நானும் சிரித்தேன், ஆனால் சிரிப்போடு முடியவில்லை.

அந்த ஷீட்டில் உன் அம்மாவுக்காக, சரண்யா கூப்பிடுகிற முறையிலேயே, 'பொன்னி அத்தை இருக்கிறார்களா' என்று ஒரு கட்டம் வைத்திருந்தாய். சரண்யா ஒவ்வொரு வீட்டிலும் கேட்டு, இருக்காங்க என்று அவர்கள் சொன்ன வரிக்கெல்லாம் டிக் போட்டிருந்தாள். மொத்தம் ஏழு. அன்றைக்கு நீ போன் பண்ணி, ஏழு இடத்துல அம்மா இருக்காங்கப்பா, ஏழு விசேஷம்ப்பா என்று குதித்தாயே, குட்டி இடுப்பில் இருந்துகொண்டு நீ குதிப்பதைப் பார்த்து அவளும் குதித்தாள். போன வருஷம் நீ ஒரு தடவை சொன்னது எனக்கு நெஞ்சில் நிற்கிறது, அம்மான்னு நினைச்சாலே டிவியில ஓடுற வெள்ளைக் கோடுதான்ப்பா ஞாபகம் வருது, அவங்க எப்படி நடப்பாங்க, எப்படிப் பேசுவாங்கன்னு எனக்கே தெரியல, இவளுக்கு நான் என்னத்தச் சொல்றது என்றாய். அதற்காகத்தான் இந்த வேலை முழுக்க நீ ஆரம்பித்தாய் என்று எனக்குத் தெரியும். வெறும் எண்ணிக்கைக்காக யாரும் இவ்வளவு பாடு படமாட்டார்கள்.

நிலா, அந்த ஏழும் ஒன்றுதான் தாயி. ஏழும் விஜயலட்சுமி அத்தை கல்யாணம்தான், ஏழு வீட்டில் ஏழு பேர் எழுதி இருந்த ஒரே கல்யாணம். உன் அம்மா கேமராவில் விழுந்தது இந்த உலகத்திலேயே அந்த ஒரு தடவைதான். அப்போது உனக்கு இரண்டு வயது முடியவில்லை. அடுத்து நம்ம வீட்டில் விசேஷம் என்று ஒன்று வருவதற்குள் மஞ்சள் காமாலை வந்து அவள் போய்விட்டாள். கடைசிக் கேசட்டைப் போட்டு, அதிலும் அதே பந்தல், அதே வாழைமரம் வந்தபோது சரண்யா முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டாள். மாமா, அக்காகிட்ட ஏழுன்னே இருக்கட்டும், அவங்களா கேக்குற வரைக்கும் சொல்லாதீங்க என்றாள். எனக்கும் அந்த ஆசை வந்தது, பொய் சொல்லவில்லை. அங்கே குளிரில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு ஏழு என்று இருந்துவிட்டுப் போகட்டுமே, இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று வீடு வந்து சேரும் வரை நினைத்துக்கொண்டே வந்தேன். ஆனால் நீ ஒவ்வொன்றாகத் திறந்து, இரண்டாவதிலும் அதே பந்தலைப் பார்த்து, மூன்றாவதிலும் பார்த்து, தனியாக அதைத் தெரிந்துகொள்வதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதனால் நானே சொல்கிறேன். சரண்யாவைத் திட்டாதே, அவள் உனக்காக மழையில் நனைந்து அலைந்தாள்.

இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே படி. நம்ம வீட்டுக் கேசட் ஏன் வெறும் கோடாக இருக்கிறது தெரியுமா? அம்மா போனதற்கப்புறம் நான் புதுச்சேரியில் ஒரு பழைய டெக் வாங்கி வந்தேன். நீ தினம் அம்மாவைப் போடு, அம்மாவைப் போடு என்பாய். அவள் வருகிற இடத்தில் நிறுத்தினால்தான் உனக்குச் சோறு இறங்கும். நிறுத்தி நிறுத்தி, திருப்பித் திருப்பி, அந்த இடம் மட்டும் தேய்ந்து, கடைசியில் டேப் சிக்கி அறுந்து, ஜெயப்பிரகாஷ்தான் வெட்டி ஒட்டிக் கொடுத்தான். இந்த ஏழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அவன் ஒன்று காட்டினான், ஒவ்வொரு வீட்டுக் கேசட்டும் ஒவ்வொரு இடத்தில் தேய்ந்திருக்கிறது. யார் வீட்டில் யாரைப் பார்த்தார்களோ அந்த இடத்தில். சவரியம்மாளுடையதில் அவள் தம்பி மாலை எடுத்துக் கொடுக்கிற இடம் போய்விட்டது. உன் அம்மாவோடு உப்பு சுமந்த சாலம்மாளை உனக்குத் தெரியும், இப்போது அனுமந்தையில் மகளோடு இருக்கிறாள், அவளுடையதில் அவள் வீட்டுக்காரர் சிங்காரம் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற இடம் கந்தலாகிக் கிடக்கிறது. மனுஷன் போய் எத்தனை வருஷம் ஆகிறது, அவள் இன்னும் அவருக்குப் பந்தி போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

ஆக உன் அம்மாவை நம்ம வீட்டில்தான் காணோம், மற்ற வீடுகளில் அவளை யாரும் தேடாததால் அப்படியே இருக்கிறாள். அதிலும் ஐந்தில் உருவம் மட்டும்தான், அந்தக் காலத்தில் ஜெயப்பிரகாஷ் கல்யாண கேசட்டைப் புதுச்சேரிக்கு அனுப்பி, முழுக்கச் சினிமாப் பாட்டைப் போட்டுக் கொண்டு வருவான், ஆட்கள் பேசுவது எதுவும் கேட்காது. சாலம்மாளுக்கு மட்டும் அதற்குள் பொறுமை இல்லை. பாட்டும் வேணாம் ஒண்ணும் வேணாம், எங்க ஊட்டுக்காரரு சாப்புட்றத நான் இப்பவே பாக்கணும் என்று ஸ்டுடியோவில் போய் உட்கார்ந்துகொண்டாளாம், இவன் தொல்லை தாங்காமல் பாட்டு போடுவதற்கு முன்னாலேயே அவளுக்கு ஒரு காப்பி எடுத்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறான். அதை அவனே மறந்துவிட்டான். டெக்கில் போட்டதும் பந்தல் சத்தம், பாத்திரச் சத்தம், குழந்தை அழுகிற சத்தம் எல்லாம் கேட்டது, நாங்கள் மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். ஜெயப்பிரகாஷ் எனக்கு நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டான்.

அவள் வருகிறாள் நிலா. வரிசைத் தட்டு ஒரு கையில், இடுப்பில் நீ. அத்தனை அகலப் பந்தலில் ஒற்றையடியாக, ஒரு காலுக்கு முன்னால் ஒரு காலை வைத்து, உப்பள வரப்பில் நடப்பதைப் போலவே வேகமாக வருகிறாள், எப்படி நடப்பாள் என்று கேட்டாயே, அப்படித்தான் நடப்பாள், கல்யாண வீட்டிலும் அவளுக்கு வரப்பு போகவில்லை. விளக்கு வெளிச்சம் கண்ணில் பட்டதும் முகத்தைச் சுளித்து ஒரு சிரிப்பு. அப்புறம் பேசுகிறாள். என்னைய எதுக்கு எடுக்குறீங்கண்ணே, எம் பொண்ண எடுங்க, புது கவுன் போட்டிருக்குது பாருங்க என்று சொல்லிவிட்டு உன்னைக் கீழே இறக்கி நிறுத்தி, தான் நகர்ந்துகொண்டாள். இத்தனை வருஷத்துக்கப்புறம் அந்தக் குரல். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன், அதில் என்ன வெட்கம், சரண்யா தண்ணீர் கொண்டு வந்தாள்.

அவள் இருப்பது அவ்வளவுதான் என்று நாங்கள் நிறுத்தப் போனோம். நல்லவேளை நிறுத்தவில்லை. அடுத்துக் கேமரா உன்மேலேயே ரொம்ப நேரம் நிற்கிறது, எந்தெந்த இடத்தில் யார் யார் வருகிறார்கள் என்று குறித்தபோது சரண்யா ஷீட்டில் அந்த இடத்துக்கு நேராக உன் பேரை மட்டும்தான் எழுதியிருக்கிறாள். ஆனால் நன்றாகப் பார், பக்கத்திலிருந்து ஒரு கை வந்து உன் கவுன் கழுத்தைச் சரி பண்ணுகிறது, புடவைத் தலைப்பு வந்து உன் மூக்கைத் துடைக்கிறது, சிரி நிலா, அங்க பாரு, அங்க அண்ணன பாரு, என்னைய பாக்காத என்று அவள் குரல் கெஞ்சிக்கொண்டே இருக்கிறது. நீ கேட்கவே இல்லை. மேளம் அடிக்கிறார்கள், ஆட்கள் குறுக்கே போகிறார்கள், ஜெயப்பிரகாஷ் விரலைச் சொடுக்கிக் கூப்பிடுகிறான், நீ அந்தப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அண்ணாந்து அவளையே பார்த்துக்கொண்டு, அவளைப் பார்த்தே சிரித்துக்கொண்டு நிற்கிறாய். அம்மா முகம் ஞாபகம் இல்லை என்று நீ இனிமேல் சொல்லாதே தாயி. ஒரு கல்யாணமே நடந்துகொண்டிருந்தது, நீ அவள் முகத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

அதனால் டேட்டாபேஸில் ஏழை அழித்து ஒன்று என்று போடு, அந்த ஒன்று சாலம்மாள் கேசட்டாக இருக்கட்டும். உன் பேர் மட்டும் இருக்கிற அந்த இடத்தில் பொன்னி என்றும் எழுது. கம்ப்யூட்டரில் ஏற்றினால் எத்தனை தடவை நிறுத்திப் பார்த்தாலும் தேயாதாம், ஜெயப்பிரகாஷ் சத்தியம் பண்ணுகிறான், நீ உன் இஷ்டத்துக்குப் பார். சாலம்மாள் கேசட்டைத் திருப்பிக் கேட்டுவிட்டாள், சிங்காரம் சாப்பிடுகிற இடத்தை மற்ற வீட்டுக் கேசட்டிலிருந்து எடுத்து அவள் மகள் போனுக்கு அனுப்ப வேண்டும், அதை நானும் சரண்யாவும் பார்த்துக்கொள்கிறோம், நீ மறக்காமல் அவளுக்கு ஒரு போன் பண்ணி, பெரியம்மா நல்லாயிருக்கியா என்று இரண்டு வார்த்தை பேசிவிடு. குட்டிக்குக் காதை மூடித் தொப்பி போடு, மாப்பிள்ளையை நான் மிகவும் கேட்டதாகச் சொல். நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், மனக்குறை இல்லாமல், நீடூழி வாழ வேண்டும், உன் அம்மா எங்கேயிருந்தாலும் உங்கள்மேல் ஒரு கண் வைத்திருப்பாள்.

என்றைக்கும் உன் நினைப்பாகவே இருக்கும்
அப்பா,
பொ. மாயவன்.